மூன்று மணி நிழல்

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். மனைவி வழக்கம்போல அதைத் தனி வாளியில் போட்டாள்.

"இன்னைக்காவது அந்த சோலார் ஒழுங்கா ஓடுச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடுச்சு. தினம் மூணு மணிக்கு ஏன் படுத்துக்குதுன்னு நாலு மாசமா தலையைப் பிச்சுக்கிட்டாங்க. நான்தான் கண்டுபிடிச்சு இன்னைக்குக் காலையில சொன்னேன்."

"நீங்களா? பெரிய படிப்புப் படிச்சவங்கல்லாம் என்ன பண்ணாங்க?"

"கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரும் மொட்டைமாடி ஏறிப் பாக்கல. மூணு மணிக்கு ஒரு பலகை மேல நிழல் விழுது. ஒண்ணுல விழுந்தாப் போதும், அந்த வரிசையே படுத்துடும்."

"டைரக்டர் என்ன சொன்னார்?"

"கையைப் பிடிச்சுக் குலுக்கினார். எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்போ இந்தத் தடவை வேலையை நிரந்தரம் பண்ணித்தான் ஆகணும். பத்து வருஷமா தினக்கூலியாவே வச்சிருக்காங்க." அவள் முகம் மலர்ந்தது. "ஆமா, அது என்ன நிழல்?"

"புகைக்குழாயோடது. கழட்டச் சொன்னாங்க. நானே கழட்டினேன்."

"எந்தப் புகைக்குழாய்?"

"என் ஜெனரேட்டரோடது."

சோப்புத்தூளைக் கொட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "குழாய் இல்லாம அதை எப்படி ஓட்டுவீங்க?"

"சோலார் படுத்தாத்தானே அதை ஓட்டணும்? நாளைக்கு எடைக்குப் போடுறாங்க. என்னையும் வரவேண்டாம்னுட்டாங்க."

"இது தெரிஞ்சேவா போய்ச் சொன்னீங்க?"

"கைதட்டினப்போ தெரியல. குழாயைக் கழட்டுறப்போதான் உறைச்சது."

அவள் அந்தத் தனி வாளிக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"இனிமே என் சட்டையை எல்லாத்தோடயும் சேர்த்தே ஊற வை," என்றான். "டீசல் வாடை வராது."