வெள்ளை ஓரம்

ஆய்வுக்கூடத்து வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றேன். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது.

டப்பாவை என் மனைவி மறந்து வைத்துவிட்டு வரவில்லை. காலையில் பழைய ரொட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளுக்காக நானே சமைத்து, நானே தூக்கிக்கொண்டு வந்தேன். நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து வேறென்ன வெட்டி முறிக்கப் போகிறேன்.

உண்மையான காரணம் வேறு. கொஞ்ச நாள் உங்கள் அண்ணன் வீட்டில் போய் இருங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டாள். சண்டை இல்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சூடாக நாலு வாய் சாப்பிட்டால் மனம் மாறுவாளோ என்று ஒரு நப்பாசை.

மேஜையைச் சுற்றி ஏழாம் வகுப்பு நின்றது. முதுகுகளின் இடுக்கு வழியேதான் மேஜை தெரிந்தது. தட்டில் ஓர் இலை. நடுவில் பச்சை, ஓரமெல்லாம் வெள்ளையாக இருந்த இலையாம். ஸ்பிரிட்டில் வேகவைத்ததில் பச்சையெல்லாம் இறங்கி, இப்போது வெளிறிக் கிடந்தது.

என் மனைவி அதன் மேல் அயோடினைச் சொட்டினாள். நடுப்பகுதி கருநீலமானது. ஓரம் அப்படி மாறவே இல்லை.

நடுவில் பச்சையம் இருந்தது, அது வெயிலை வாங்கி மாவுச்சத்து சமைத்து வைத்திருக்கிறது என்றாள். ஓரத்தில் பச்சையம் இல்லை, அதற்குச் சமைக்கத் தெரியாது.

எனக்குச் சமைக்கவாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்ப அதுக்கு யாரு டீச்சர் சோறு போடுறது?" என்று ஒரு பையன் கேட்டான். பச்சைதான் போடுகிறது என்றாள்.

"தண்டச்சோறு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த ஓரத்தை வெட்டி எறிந்தால் என்ன ஆகும் என்று அதே பையன் கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"இலைக்கு ஒண்ணும் ஆகாதுப்பா."

உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் கால் எழவில்லை. என் வயதில் ஒருவன் ஒரு டப்பாவைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் அழக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். இவ்வளவு நேரமும் சிரிப்பில் தோள் குலுங்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"வெட்டாதீங்க டீச்சர். அது கொஞ்சமாத்தான் சாப்பிடும்."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. அயோடின் சீசாவை மூடப் போனவள் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவளே அந்தப் பிள்ளைக்குப் போட்ட சட்டம். வீட்டில் அம்மா என்றுதான் கூப்பிடும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினோம். மகள் தூங்கிவிட்டாள் என்று இரண்டு பேருமே நினைத்திருந்தோம்.