வேப்பமரத்துக் காற்று

பெர்சி ஜீப்பிலிருந்து கயிற்றை எடுத்துக்கொண்டு திருவாதவூர்க் கிணற்றடிக்குத் திரும்பியபோது, வாயு அளக்கும் கருவி கத்துவதை நிறுத்தியிருந்தது.

"நானே சரிபண்ணிட்டேம்மா," என்றார் மேஸ்திரி சூர்யபிரகாஷ். "காலையில அவசரத்துல நீ மறந்தத."

பெர்சி தலை குனிந்தாள். ஆள் இறங்குமுன் கருவியின் அளவைச் சரிசெய்து வைப்பது அவள் வேலை. அதன் குழாயைக் கிணற்றுக்குள் விட்டுப் பார்த்தாள். ஆக்சிஜன் 20.9. வெளிக்காற்றில் இருக்கும் அதே அளவு.

"என்ன தாயி, எறங்கலாமா?" என்றார் தூர்வார வந்த கருப்பு.

"எறங்குங்கண்ணே."

சற்று நேரத்தில் உள்ளிருந்து அவர் குரல் ஏறி வந்தது. "மேஸ்திரி, இம்புட்டுச் சேத்தையும் ஒருத்தனா அள்ளணும்னா, மதியத்துக்குக் கறிச்சோறு போடணும்!"

"பேசுற நேரத்துல ரெண்டு கூடை அள்ளிருப்ப," என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டார்.

பெர்சி தண்ணீர் எடுக்க, ரோட்டோர வேப்பமரத்தடியில் நின்ற ஜீப்புக்குப் போனாள். தோளில் கிடந்த கருவி மறுபடியும் கத்தியது. ஆக்சிஜன் 28.

வெளிக்காற்றில் அவ்வளவு ஆக்சிஜன் எங்குமே கிடையாது. சுத்தமான காற்றில் வைத்துத்தான் கருவியில் 20.9 என்று பதிய வேண்டும். கெட்ட காற்றில் வைத்துப் பதிந்தால், கெட்டதையே நல்லதென்று காட்டும்; நல்ல காற்றை அதற்கும் மேலே காட்டும்.

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். "மேஸ்திரிண்ணே, இத எங்க வச்சுச் சரிபண்ணுனீங்க?"

"கெணத்துக்குள்ள குழாய விட்டுத்தான். அங்கதான கத்துச்சு?" மேஸ்திரி சிரித்தார். "பயப்படாத. கருப்பே இப்பத்தான் வாய மூடிட்டு வேலை பாக்குறான்."