பதினாறு பேர், ஒரு கேமரா

“ரொம்ப அருமையா இருந்துச்சு சார். ரெண்டே நாள்ல எவ்வளவோ கத்துக்கிட்டேன்” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள் அவள்.

பச்சைப் பொய். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, ‘வலிக்கவே வலிக்காதுங்க’ என்று நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாய். தடங்கல் இல்லாமல் வந்தது.

‘இரண்டே நாளில் நீங்களும் மீடியாக்காரர்’ என்ற விளம்பரத்தை நம்பி, டாக்டரிடம் கெஞ்சி லீவு வாங்கி வந்திருந்தாள். வந்த இடத்தில் பதினாறு பேருக்கு ஒரே கேமரா. ஆளுக்கு நாலு நிமிஷம் தொட்டுப் பார்த்தார்கள். மைக்கில் பேட்டரி இல்லாததால், அதை வாயருகே பிடித்துக்கொண்டு பேட்டி எடுப்பதுபோல் நடித்தார்கள். அதற்குப் பெயர் செய்முறைப் பயிற்சி.

நடத்தியவரை எல்லோரும் ஆங்கர் சார் என்றார்கள். எந்தக் காலத்திலோ டிவியில் செய்தி வாசித்தாராம். அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். முதல் நாளே பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்: ‘ஒருவர் பேச்சை வெட்டி அர்த்தத்தை மாற்றுவது திருட்டு.’ பதினாறு பேரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் கேமரா முன்னால் கருத்துச் சொல்லும் படலம். ஆளாளுக்கு வரிசையில் வந்து ஐஸ் வைத்தார்கள். வைக்காதவர் ஒருவர்தான். இழுத்து மூடப்பட்ட ஒரு பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷம் அச்சுப் பிழை திருத்தும் புரூஃப் ரீடராக இருந்தவர்.

“அருமையான பயிற்சின்னு விளம்பரம் பண்ணீங்க. நம்பி வந்தேன். பதினாறு பேருக்கு ஒரு கேமரா! இந்த மாதிரி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாரும் அவசியம் வாங்க, வந்து நல்லா ஏமாறுங்க!”

ஆங்கர் சாரின் கறுப்புக் கண்ணாடி மூக்கிலிருந்து கொஞ்சம் இறங்கியது.

டீ இடைவேளையில் புரூஃப் ரீடர் நேராக அவளிடம் வந்தார்.

“ஏம்மா, உனக்கு வாய் கூசலை? அருமையா இருந்துச்சாம்!”

“இல்ல சார்... எதுக்கு அவர் மனசை நோகடிக்கணும்னு...”

“இப்படி எல்லாரும் ஜால்ரா போட்டா எப்படிம்மா உருப்படும்? மீடியாவுக்கு வர்றதுன்னா முதுகெலும்பு வேணும். அது இல்லேன்னா பல் ஆஸ்பத்திரியே போதும்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திட்டியதுகூடப் பரவாயில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லையே, அதுதான் தாங்கவில்லை.

டீ முடிந்ததும் ஆங்கர் சார் கை தட்டினார்.

“கடைசிப் பயிற்சி! நீங்க பேசினது எல்லாத்தையும் உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். ஒரு நிமிஷ வீடியோவா எடிட் பண்ணுங்க. யாரோடது நல்லா இருக்கோ, அவங்களுக்கு நம்ம ஸ்டுடியோவுலயே எடிட்டர் வேலை. நாளைக்கே சேரலாம்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலை! ‘ரெண்டு நாள்ல கிழிச்சுடப் போறாளாம்’ என்று சிரித்த அண்ணியின் முகம் கண்முன் வந்து போனது. விரல்கள் பரபரவென்று ஓடின.

ஆங்கர் சார் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். “உனக்கு நல்லா கை வருதும்மா. அந்தப் புரூஃப் ரீடர் பேச்சை மட்டும் தூக்கிடு. வேலை உனக்குத்தான்.”

ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும். விரல் டெலீட் பொத்தான்மேல் போய் நின்றது. முதுகெலும்பு ஞாபகம் வந்தது.

அவள் தன்னுடைய பொய்யைத்தான் வெட்டினாள். அவர் பேச்சை ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே வைத்தாள். ஆங்கர் சார் அதைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். வேலை போயிற்று. ஆனால் மனசு லேசாக இருந்தது, சந்தோஷமாகக்கூட இருந்தது.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது.

“பதினஞ்சு பேரும் வேஸ்ட்!” என்றார் ஆங்கர் சார். “ஒரே ஒருத்தர்தான் தொழில் தெரிஞ்சவர். குறை சொன்னதையே தேனா மாத்தியிருக்காரு. பாருங்க!”

திரையில் புரூஃப் ரீடரின் முகம். கணீரென்ற குரல்.

“அருமையான பயிற்சி... நம்பி வந்தேன்... இந்த மாதிரி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை... எல்லாரும் அவசியம் வாங்க!”

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் ஓர் அறை முழுக்கக் கேட்டது.

“அநியாயம் சார் இது! அவர் சொன்னதைத் தலைகீழா மாத்தியிருக்காங்க. பலகையில நீங்கதானே எழுதிப் போட்டீங்க? எவன் சார் பண்ணினான் இந்தத் திருட்டு வேலையை?”

ஆங்கர் சார் சிரித்தபடி முன்வரிசையைக் காட்டினார்.

புரூஃப் ரீடர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வேலை உத்தரவை வாங்க நடந்தவர், அவளருகே நின்று மெல்லச் சொன்னார்.

“எதுக்கும்மா கத்துற? இருபத்திரண்டு வருஷம் பிழை திருத்தினவன் நான். என் பேச்சுல நாலஞ்சு பிழை இருந்துச்சு. திருத்திட்டேன்.”