வாகைமரத்துக்கு வந்த காவல்

பூங்கா மரங்களைக் காக்கப் புதுச் சட்டம் வந்தது. அதை அறிவிக்கும் தகரப் பலகையை வாகைமரத்தில் அடித்துவிட்டுப் போனார்கள். பெயின்ட் காய்வதற்குள் பலகைக்கு அதிகார மிடுக்கு வந்துவிட்டது.

"இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்," என்றது மரத்திடம். "உங்க மேல ஒரு கீறல் விழுந்தாலும் ஆறு மாசம் ஜெயில்!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி. உன்னை மாட்ட என் மேல நாலு ஆணி அடிச்சாங்களே, அதுக்கு?"

"அது காலையிலயே அடிச்சது. மேயர் ரிப்பன் வெட்டின பிறகுதானே சட்டம் அமலுக்கு வந்துச்சு!"

"சரி, இப்பவாவது அதைப் பிடுங்கச் சொல்லேன். வலிக்குது."

பலகை பதறிப்போனது. "ஐயையோ, பிடுங்கினா உங்களுக்குக் காயமாகும். நான் இருக்கிற வரைக்கும் அதுக்கு விடவே மாட்டேன்!"