ஜோடி ஓட்டம்

இரண்டாவது சுற்றிலேயே இஜாஸ் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அய்யோ, நரம்பு இழுக்குதுடா மாப்ள!"

அருண்பாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மதுரையில் அவர்கள் படிக்கும் கல்லூரியின் கபடி அணியில் ஜோடி ஜோடியாகத்தான் ஓட வேண்டும். ஒருவன் நின்றால் மற்றவனும் நிற்க வேண்டும். பி.டி. மாஸ்டர் முத்திருளன் போட்ட சட்டம்.

அருண்பாண்டிக்கு இது டெங்குவில் படுத்து எழுந்த உடம்பு. முன்பெல்லாம் பத்துச் சுற்று ஓடிவிட்டு அரட்டை அடிப்பான். இப்போது இரண்டு சுற்றுக்கே நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. வெளியே சொன்னால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியாவது போட்டிக்கான தேர்வில் தேறிவிடலாம் என்று பார்த்தால், இந்த மகராசன் விட்டால்தானே?

"நேத்து இடது கால், இன்னைக்கு வலது காலா?"

"ரெண்டுந்தான்டா வலிக்குது. செத்த நேரம் நடப்போம்."

நடந்தார்கள். மைதானமே சிரித்தது.

"என்னடா இஜாஸ், பல்லக்குச் சொல்லவா?"

இஜாஸ் வெட்கமே இல்லாமல் இளித்தான்.

அருண்பாண்டி நேரே மாஸ்டரிடம் போனான். "சார், ஜோடிய மாத்தி விடுங்க. இவனோட ஓடுனா நான் செலக்‌ஷன்ல தேற மாட்டேன்."

"இப்பப் போயி எதுக்குடா மாத்திக்கிட்டு? போயி ஓடுங்க."

வேறு வழியில்லை. பாதி ஓட்டம், பாதி நடையாகப் பயிற்சி போனது. இஜாஸ் உட்காருவதும் மெல்ல மெல்லக் குறைந்தது. அருண்பாண்டிக்குப் பசி திரும்பியது, முகம் தெளிந்தது.

செலக்‌ஷன் அன்று பத்துச் சுற்று. அருண்பாண்டிக்கு மூச்சு முட்டவே இல்லை. கடைசிச் சுற்றில் இஜாஸ் அவனையும் முந்திக்கொண்டு பறந்தான்.

இருவர் பெயரையும் மாஸ்டர் வாசித்தார்.

"அப்பாடா!" அருண்பாண்டி அப்படியே தரையில் சாய்ந்தான். சந்தோஷத்தில் கண் கலங்கியது. "நீ எங்க நடுவுல உக்காந்துருவியோன்னு பயந்துக்கிட்டே ஓடுனேன்டா. அம்புட்டு வலியும் எப்படிடா போச்சு?"

இஜாஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"எனக்கு எங்கடா வலிச்சுச்சு? மூச்சு வாங்குனா உடனே உக்காந்துரணும்னு டாக்டர் சொன்னப்ப நானுந்தான பக்கத்துல இருந்தேன். நீயா உக்கார்ற ஆளு?"