நாலு மணி டீ

மூன்றாவது நாளும் டீயில் சர்க்கரை இல்லை.

"இதென்னுங்க்கா கருமம், கசாயமாட்ட இருக்குது," என்று டம்ளரை நங்கென்று வைத்தாள் ஒருத்தி.

காங்கேயத்துத் தேங்காய்க் களம் அது. வெயிலில் நின்று தேங்காய்ப் பருப்பைக் காயப்போட்டு அள்ளுகிற பன்னிரண்டு பெண்களுக்கும் நாலு மணி டீதான் உசுரு. அதிலே போய்க் கைவைத்துவிட்டாள் முதலாளியம்மா சென்னியம்மாள்.

"ஊட்டுக்கு மேல மாடி எடுக்கறாங்கல்லோ, நம்ம சக்கரையெல்லாம் சிமெண்டாப் போகுது," என்றாள் பாவாத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணிகூடச் சிரித்தாள். பாவாத்தாளுக்கு அது போதும்.

விஷயம் இதுதான். போன வாரம் சுகாதாரத் துறையிலிருந்து களத்துக்கே வந்து எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். பாவாத்தாளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. "இனிப்பத் தொடாதீங்கம்மா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து மாத்திரை வாங்கிக்குங்க," என்று நர்ஸம்மா காதோடு சொன்னாள்.

மாத்திரை வாங்கியதோடு சரி, வெளியே மூச்சுவிடவில்லை. மகள் யுவஸ்ரீயைத் துளசிமணியின் மகன் ரவிக்குமாருக்குக் கேட்டிருந்தார்கள். வர்ற புதன்கிழமை துளசிமணி வீட்டார் முடிவு சொல்வதாகப் பேச்சு. ஆத்தாளுக்குச் சர்க்கரை என்றால் பிள்ளைக்கும் வராதா என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போச்சு. தனக்கு மட்டும் இனிப்பு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. மாரியாத்தா மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, எல்லோரையும்போல இனிப்பு டீயையே குடித்துவந்தாள்.

இப்போது சர்க்கரை நின்றுபோனதில் உள்ளுக்குள் நிம்மதிதான். ஆனாலும் சும்மா இருந்தால் சந்தேகம் வருமே. அதனால் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினாள்.

"இங்க பேசி என்னுங்க்கா ஆவுது? உள்ள போய்க் கேளுங்க," என்று கிளப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் போனாள்.

"சக்கரை தீந்துபோச்சு பாவாத்தா," என்றாள் சென்னியம்மாள், தலையைத் தூக்காமல்.

"மூணு நாளாவாங்க தீந்துபோச்சு?" வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று பாவாத்தாள் குரலை உயர்த்தினாள். "பரவாயில்லீங்க. நாளைக்கு ரேசன் சக்கரைய எங்கூட்டுலிருந்தே கொண்டாந்துபோடறேனுங்க."

சென்னியம்மாள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

"கொண்டாந்தா நீயும்தான குடிப்ப? உன்ற உடம்பு தாங்குமா?"

பாவாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆருங்க... ஆருங்க உங்களுக்குச் சொன்னது?"

"சொல்லாதீங்கன்னுதான் கேட்டுக்கிட்டா. நீ சக்கரையத் தூக்கிட்டு வந்து நிப்ப போல, அதான் சொல்றேன். துளசிமணிதான்."

யாருக்குத் தெரியக்கூடாது என்று இந்தப் பாடு பட்டாளோ, அவளுக்கே தெரிந்துபோயிற்று. யுவஸ்ரீயின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"நீ சொம்பு சொம்பாத் தண்ணி குடிக்கறதையும், கால் புண்ணு ஆறாமக் கெடக்கறதையும் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. அவ ஊட்டுக்காரரும் இப்படி மறைச்சு வெச்சுத்தான் ரெண்டு கால்விரல எடுக்கும்படி ஆயிப்போச்சாமா. நேரா எங்கிட்ட வந்தா. என்ன சொன்னா தெரியுமா?"

தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது பாவாத்தாளுக்கு.

"'எல்லாத்துக்குமே சக்கரைய நிறுத்திப்போடுங்கம்மா. ஆராச்சும் உங்களத் திட்டுனா நானும் சேந்து சிரிச்சுக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்க. எங்க சம்பந்தியம்மாளுக்கு மட்டும் தனியா டீ போட்டா, அவிங்க கூசிப்போயிருவாங்க'ன்னா."