கேட்கத் தெரியாத ஜனங்கள்

"கத்தாதீங்கம்மா. இது ஆபீஸ். உங்க மாவு மில் இல்ல."

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார் இன்ஜினியர். சாலைத் துறை அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'கருங்கல்'.

மில்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. மெஷின் சத்தத்தோடு மல்லுக்கட்டியே வளர்ந்த குரல் அவளுடையது. அதைத் தணிக்க அவளுக்கே தெரியாது.

"கத்தாம என்ன சார் பண்றது? எங்க தெருவுக்குக் குறுக்கால பைபாஸ் போடறீங்க. என் மில்லு போகுது, பக்கத்துல சலூன் போகுது..."

"ஆமா, போகுது. அப்புறம்?"

"அப்புறம்னா?"

இன்ஜினியர் பேனாவை மூடிவிட்டு அப்போதுதான் அவளைப் பார்த்தார். பார்வையில் ஏளனம் வழிந்தது.

"வர்றவங்க எல்லாரும் இதைத்தானே சொல்றீங்க? என் கடை, என் வீடு, என் சுவரு. மண்ணைக் கொட்டி மேடு கட்டி ரோடு போகுதே, அந்தப் பக்கம் இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க எப்படிப் போகும்னு யாராவது கேட்டீங்களா? மழை பெய்ஞ்சா இந்தப் பக்கத்துத் தண்ணி எந்த வழியா வடியும்னு கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. கேக்கத் தெரியாத ஜனங்க!"

"சார், மரியாதையாப் பேசுங்க."

"உள்ளதைத்தானே சொன்னேன்? கருத்துக் கேட்புக் கூட்டம்னு சட்டத்துல ஒண்ணு இருக்கு. அங்க கேட்டுட்டா நாங்க பதில் சொல்லியே ஆகணும். சொல்லாம ஒரு கூடை மண்ணு கொட்ட முடியாது. ஆனா முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? போய் மாவு அரைங்க."

கதவோரம் நின்ற உதவியாளர்தான் அவளை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி வெளியே கூட்டி வந்தார்.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை.

"போய் மாவு அரைங்கன்னானே அந்த ஆளு!"

"விடு," என்றார் கணவர். "பெரிய இடத்து விவகாரம். நமக்கு எதுக்கு வம்பு?"

"விடறதா? அவன் கேட்டதையே ஊர் முன்னால அவன் மூஞ்சிக்கு நேரா திருப்பிக் கேக்கறேன் பாருங்க. உங்க கையெழுத்துதான் நல்லா இருக்கும், எடுங்க பேப்பரை!"

மறுநாளே எழுதிக் கொடுத்தாயிற்று.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆளாளுக்கு எழுந்து கடை, வீடு, சுவர் என்று புலம்பினார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரியம்மா, "பதிவு பண்ணிக்கறேன், அடுத்து" என்று சொல்லிக்கொண்டே போனார்.

மில்காரம்மாவின் முறை வந்தது. நீட்டிய மைக்கை அவள் ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு எதற்கு மைக்?

"நான் என் மில்லைப் பத்திப் பேச வரல. எங்க பிள்ளைங்க எந்த வழியாப் பள்ளிக்கூடம் போகும்? எங்க தெருவுல விழற மழைத்தண்ணி எந்த வழியா வடியும்? ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டு ரோடு போடுங்க!"



அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்வரிசையில் இருந்த கருங்கல்லைப் பார்த்தார். "இதையெல்லாம் ஆராய்ஞ்சீங்களா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமை இன்ஜினியர் குனிந்து கருங்கல்லின் காதில் ஏதோ சொன்னார். கருங்கல் எழுந்து நின்றார்.

"இல்லைங்க. ஆராயல."

தலைமை இன்ஜினியரின் முகம் இஞ்சி தின்றது போல ஆகிவிட்டது.

"அப்போ ஆராய்ஞ்சு, திட்டத்தைத் திருத்திக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் என் ஒப்புதல் கிடையாது."

அன்றைக்கு மில்காரம்மாவைத் தெருவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

திருத்திய திட்டமும் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் போய்வர மேட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை. தண்ணீர் வடிய இரண்டு பாலங்கள். மில் மட்டும் தப்பவில்லை. பின்தெருவுக்கு மாற வேண்டியதுதான். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. காலையில் பிள்ளைகள் பையை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்தது.

மில் இருக்கும் இடத்தைக் கொடுக்கச் சம்மதக் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குக் கிளம்பினாள். உண்மையில் அவள் போனது கருங்கல்லின் முகத்தைப் பார்க்கத்தான். 'என்ன சார், மாவு எப்படி அரைச்சேன்?' என்று கேட்கப்போவதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

"மாத்திட்டாங்கம்மா," என்றார் உதவியாளர். "கூட்டம் முடிஞ்ச கையோட. எங்கேயோ மலைப்பக்கமாம். குடும்பத்தை இங்கேயே விட்டுட்டுப் போயிருக்கார்."

"நல்லா வேணும்! வாய்க்கொழுப்பு. என்னைச் சீண்டப் போய் தானே உளறி மாட்டிக்கிட்டார்."

உதவியாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"உளறினாரா? அந்த ரெண்டு கேள்வியையும் மேலிடத்துல முதல்ல கேட்டதே அவர்தாம்மா. செலவு ஏறும், சும்மா இருன்னுட்டாங்க. உள்ள இருக்கறவங்க கேட்டா பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லையே. ஜனங்க கேட்டாத்தானே சட்டம்!"

மில்காரம்மாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "அதை எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிம்மா? ஜனங்களைத் தூண்டிவிட்டார்னு வேலையே போயிருக்கும். அதான் உங்க தெருவுலேர்ந்து வந்த ஒவ்வொருத்தரையும் அதே வார்த்தையால திட்டிப் பார்த்தார். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு மட்டும்தாம்மா ரோஷம் வந்துது!"